இசட் டிரைவில் காணாமல் போன ஃபைல்கள்: ஆறு வருட அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு நெட்வொர்க் டிரைவ் உண்டு. எல்லோர் கணினியிலும் அதற்கு இசட் என்றுதான் பெயர். நான் இருப்பது கணக்குப் பிரிவில். ஆனாலும் அந்த டிரைவில் எது காணாமல் போனாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருவருடைய ஃபைலைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்; அன்றோடு மாட்டிக்கொண்டேன்.

அன்று அவர் தன் ரீசைக்கிள் பின்னைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேடியிருந்தார். அங்கே இருக்காது. நம் கணினியில் அழித்தால்தான் அந்தப் பின்னுக்குப் போகும். ஷேர்டு டிரைவில் அழிப்பது சர்வரில் நடக்கிற வேலை. "நிரந்தரமாக அழிக்கவா?" என்று விண்டோஸ் கேட்பது அதனால்தான். யாரும் அதைப் படிப்பதில்லை, நான் உட்பட.

அடுத்து எல்லோரும் ஓடுவது மீட்பு மென்பொருளுக்கு. நானும் ஓடினேன். ரெக்குவா, போட்டோரெக் போன்றவை வட்டின் வெற்றிடத்தை நேரடியாகப் படித்துத் தேடுபவை. நெட்வொர்க் வழியாக நமக்குத் தெரிவது ஃபைல்கள் மட்டுமே, வட்டு தெரியாது. சர்வரிலேயே உட்கார்ந்து ஓட்டலாம் என்றால், நாற்பது பேர் அதே வட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எஸ்எஸ்டி வட்டு என்றால், அழித்த இடத்தைத் தானாகவே காலி செய்யும் டிரிம் என்ற வசதி வேறு வந்து மிச்சத்தையும் துடைத்துவிடும். அரை நாள் போனதுதான் மிச்சம்.

உண்மையில் கைகொடுத்தது பிரீவியஸ் வெர்ஷன்ஸ். விண்டோஸ் சர்வர் 2003-லிருந்தே இருக்கிற வசதி. சர்வர் அவ்வப்போது எடுத்து வைக்கும் ஷேடோ காப்பிகளை, அதாவது அந்த நேரத்தில் டிரைவ் இருந்த நிலையின் நகல்களை, காட்டும். அழிந்த ஃபைலை ரைட் கிளிக் செய்ய முடியாதே என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அது இருந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் அந்தப் பகுதியைத் திறந்தால் தேதிவாரியாகப் பழைய ஃபோல்டர்கள் வரிசையாக வரும். வேண்டிய நாளைத் திறந்து, வேண்டிய ஃபைலை மட்டும் காப்பி செய்து வெளியே எடுங்கள்.

ரிஸ்டோர் பொத்தானைத் தொடாதீர்கள். இரண்டாவது வருடம் நான் தொட்டேன். ஒரே ஒரு ஃபைலுக்காக முழு ஃபோல்டரும் முந்தின நாளுக்குத் திரும்பிப் போய், மூன்று பேரின் காலை வேலை காற்றில் போனது. அழித்தவர் செய்ததைவிட நான் செய்த சேதம் பெரிது. அப்புறம் ஒரு சின்னத் தொல்லை: ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போனால் பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டி, காப்பி தோற்றுவிடும். உள்ளே இருக்கும் ஃபோல்டரையே தனி டிரைவாக இணைத்துக்கொண்டால் பாதை சுருங்கும், வேலை நடக்கும்.

இதன் எல்லை எனக்குப் புரிந்தது மூன்றாவது வருடம். இயல்பான அமைப்பில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணிக்கும் பகல் 12 மணிக்கும் நகல் எடுக்கப்படும். அதிகபட்சம் 64 நகல். வாரத்துக்குப் பத்து என்றால் ஆறு வாரம் சொச்சம். ஒதுக்கிய இடம் அதற்கு முன்பே நிரம்பினால் அதுவும் இல்லை. பகல் 12 மணிக்குப் பிறகு உருவாக்கி மாலையில் அழித்த ஃபைலுக்கு நகலே இருக்காது. அதனால் மணிக்கொரு நகல் வேண்டும் என்று ஐடி பிரிவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பழைய ஒப்பந்தங்கள் இருந்த ஃபோல்டர் ஒன்று காணவில்லை என்று அழைப்பு வந்தது. அழிந்து பதினோரு வாரம் ஆகியிருந்தது. அழித்தவர் ஒருவர், தேடியவர் இன்னொருவர். சொந்தக் கணினியில் நாம் அழித்ததை நாமே தேடுவோம், அன்றைக்கே தெரிந்துவிடும். பொது டிரைவில் காலாண்டுக்கு ஒருமுறை திறக்கிற ஃபோல்டரை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஷேடோ காப்பி எதுவும் மிச்சமில்லை. மாதாந்திர பேக்கப்பிலிருந்து எடுத்தோம். கடைசி மூன்று வார மாற்றங்கள் போயே போயின. அதன் பிறகு "எத்தனை அடிக்கடி?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

நான்காவது வருடம் சர்வர் மாறியது. இப்போது இருப்பது ஒரு நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி. விண்டோஸ் கணினிகளோடு ஃபைல்களைப் பகிரும் சாம்பா என்ற மென்பொருள் அதில் ஓடுகிறது. ஒவ்வொரு ஷேரிலும், அதாவது பகிரப்பட்ட ஒவ்வொரு பொது ஃபோல்டரிலும், அதற்கென்று ஒரு ரீசைக்கிள் ஃபோல்டர் உண்டு. அழித்தவை அங்கே போய் உட்காரும். வசதிதான். ஆனால் மேலெழுதியதை அது பிடிக்காது, அழித்ததை மட்டும்தான் பிடிக்கும். அதற்குள் நுழைந்து பார்த்தால் குப்பைமேடு: எட்டு எழுத்தில், ஃபைலின் வகையைச் சொல்லும் பின்னொட்டு இல்லாமல், எண்ணும் எழுத்தும் கலந்த பெயர்களில் நூற்றுக்கணக்கான ஃபைல்கள். குப்பை என்றே நானும் நினைத்தேன். எக்செல் சேமிக்கும் விதம் அது. பழைய ஃபைல் மீதே எழுதாமல், தற்காலிக ஃபைலில் எழுதி, அதற்கு நம் பெயரைச் சூட்டிவிட்டுப் பழையதை வேறு பெயரில் அழிக்கிறது. சர்வருக்கு அதுவும் ஓர் அழிப்புதான். ஆகவே அந்தக் குப்பையில் பல, நம் ஷீட்டின் முந்தைய பதிப்புகள். ஒருநாள் ஒருவர் சம்பளப் பட்டியலைக் காலி செய்து சேமித்துவிட்டார். நேரத்தை வைத்து ஒன்றைப் பொறுக்கி, பெயரின் கடைசியில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற எக்செல் பின்னொட்டைச் சேர்த்தேன், திறந்தது. இந்த ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் அதுவும் ஒன்று.

இவ்வளவும் அழிந்தவற்றுக்கு. எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல், அழியவே அழியாத ஃபோல்டர்களுக்காக வருபவை. மவுஸ் நழுவி, பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்திருக்கும். செய்தவர் கையிலேயே அந்தச் சன்னல் திறந்திருந்தால் கன்ட்ரோல் இசட் போதும். இல்லையென்றால் பெயரைப் போட்டு முழு டிரைவிலும் தேட வேண்டும். நான் முதலில் செய்வது எப்போதும் இதுதான்.

யார் அழித்தது என்று பார்க்கவும் வழி உண்டு. விண்டோஸ் சர்வரில், யார் எந்த ஃபைலைத் தொட்டார்கள் என்று குறித்து வைக்கும் தணிக்கையை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால் 4663, 4660 என்ற எண்ணுள்ள பதிவுகளில் பெயர் வரும். சில மாதம் பார்த்தேன், விட்டுவிட்டேன். பெயர் கேட்க ஆரம்பித்ததும் ஆட்கள் சொல்வதைத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் ஒரு நகல் காலாவதி ஆகிறது. இப்போது நான் கேட்பது ஃபோல்டர் பெயரும், கடைசியாகப் பார்த்த நாளும் மட்டுமே.

இன்றைய ஏற்பாடு இது: மணிக்கொரு ஸ்னாப்ஷாட் (ஷேடோ காப்பி போலவே, அந்த நேரத்து நிலையின் நகல்) இரண்டு நாளுக்கு, தினசரி ஒரு மாதத்துக்கு, வாராந்திரம் ஒரு வருடத்துக்கு. ரீசைக்கிள் ஃபோல்டர் முப்பது நாளில் காலியாகும். இவை எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், வேறிடத்தில் தனி பேக்கப்பும் ஓடுகிறது.

போன மாதம் ஓர் அழைப்பு. ஒன்பது மாதத்துக்கு முன்னால் காணாமல் போன ஃபோல்டர். வாராந்திர ஸ்னாப்ஷாட்டில் அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுக்க நான்கு நிமிடம். அதற்கு என்ன பெயர் வைத்திருந்தோம் என்று அவருக்கு ஞாபகம் வரத்தான் அரை மணி நேரம் ஆனது.