ஏலத்துக்கு வரும் போலீஸ் ரோந்துப் படகு: கிருஷ்ணகிரி அணைக்கு வாங்கலாமா?

நீர்நிலை ரோந்துக்கென்று இருந்த போலீஸ் பிரிவை மூடினால் ஆட்களுக்கு வேறு ஸ்டேஷனில் இடம் கிடைத்துவிடும். படகு மட்டும் கரையில் நிற்கும். இரண்டு மழைக்காலம் நனைந்தபின் கழிவுப் பொருளாக ஏலத்துக்கு வரும். நாம் இங்கே பார்ப்பது 16 முதல் 18 அடி நீளமுள்ள ஃபைபர் படகு, பின்னால் வெளிப்புறத்தில் மாட்டிய 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். அணையில் சவாரி விடுபவர்களும் மீனவர் சங்கங்களும் விசாரிப்பது பெரும்பாலும் இந்த அளவைத்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். படகின் உடலுக்காக வாங்கலாம். மோட்டாருக்கு ஒரு ரூபாய்கூடக் கணக்குப் போடாதீர்கள். ஒகேனக்கல்லில் விட நினைத்தால் வாங்கவே வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது மோட்டார் மாட்டியிருக்கும் பின்பலகை. வெளியே ஃபைபர் தெரிந்தாலும் நடுவில் இருப்பது பிளைவுட். மோட்டாரைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட் துளைகளில் பூசிய சீலன்ட் சில வருடங்களில் வெடித்து, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, பலகை உள்ளுக்குள்ளேயே மக்கிப்போகும். பெயின்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மோட்டாரைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியில் கையை வைத்து நன்றாக அழுத்துங்கள். பலகை மூச்சு விடுவதுபோல் அசைந்தாலோ, போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்தாலோ உள்ளே மரம் இல்லை என்று அர்த்தம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் ‘டண்’ என்று கேட்கும், மக்கிய இடம் ‘தொப்’ என்று அமுங்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் அனுமதி கேட்டு உள்பக்கம் 5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். தூள் காய்ந்து வெளிறி வந்தால் சரி. கறுப்பாக, காபித்தூள் சக்கைபோல் வந்தால் பின்பலகை முழுவதையும் மாற்ற வேண்டும்.

மாற்றுவது முடியாத வேலை இல்லை. உள்பக்க ஃபைபர் தோலை வெட்டி எடுத்து, மக்கிய மரத்தைச் சுரண்டிவிட்டு, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் மூன்று அடுக்கு ஒட்டி, அதன்மேல் மேட், ரோவிங் என்ற இரண்டு வகைக் கண்ணாடி இழை விரிப்புகளை ரெசினில் நனைத்து மாற்றி மாற்றிப் போட வேண்டும். இங்கே பலரும் தவறுவது ரெசினில்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் ஒரு கிலோ பாலியெஸ்டர் ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 10 மில்லி போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று இரட்டிப்பாக ஊற்றினால் வாளியிலேயே சூடேறி, ஒட்டிய பிறகு விரிசல் விடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, கேட்டலிஸ்ட்டைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது எடை. தளத்துக்கு அடியில் மிதப்புக்காக ஊற்றியிருக்கும் ஃபோம் பல வருடங்களில் தண்ணீரைக் குடித்துவிடும். லாரியில் ஏற்றி எடை மேடையில் நிறுத்திப் பார்த்து, படகில் பதித்திருக்கும் தகட்டு எடையோடு ஒப்பிடுங்கள். 100 கிலோ கூடியிருந்தால் 100 லிட்டர் தண்ணீர் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படகு கவிழ்ந்தால் மிதக்கும் என்று நம்ப முடியாது. ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சில் மூலைகளில் தெரியும் சிலந்திவலைக் கீறல்களுக்குப் பயப்பட வேண்டாம். அடிப்பாகத்தில் நீளவாக்கில் ஓடும் விரிசல்தான் ஆபத்து. உள்ளே தாங்கி நிற்கும் சட்டம் உடைந்திருக்கும். ரோந்துப் படகு நாள்தோறும் மற்ற படகுகளோடு உரசி நிற்பது என்பதால், மேல்தட்டும் உடலும் சேரும் விளிம்பையும் ஒரு சுற்று பாருங்கள்.

மோட்டாருக்கு ஏன் மதிப்பில்லை? ரோந்து மோட்டார் ஓடுவதே வேறு மாதிரி. மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும், திடீரென்று முழு வேகத்தில் பறக்கும். டூ ஸ்ட்ரோக்குக்கு இது ஆகாது. பிஸ்டன் ரிங்கில் கரி பிடித்து இறுகிவிடும். பிளக்குகளைக் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து, எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். மோர்போல் வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஓட்டிப் பார்க்க 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் மோட்டாரை இறக்கித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீரில்லாமல் அரை நிமிடம் ஓட்டினால்கூட மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். நல்ல மோட்டாரில் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் கெட்டியாகப் பீய்ச்சும். அப்படிப் பீய்ச்சினாலும் இம்பெல்லரை மாற்றிவிட்டுத்தான் அணையில் இறக்க வேண்டும். நின்றபடியே காய்ந்த ரப்பரை நம்ப முடியாது.

கடற்கரையிலிருந்து வந்த படகு என்றால் இன்னொரு வேலையும் உண்டு. மோட்டார் உடலுக்குப் பதிலாகத் தான் அரிந்துபோக வேண்டுமென்று உப்புத் தண்ணீருக்காக மாட்டிய துத்தநாகத் துண்டு (ஆனோடு) நன்னீரில் மேலே ஒரு படலம் பிடித்து வேலை செய்யாமல் போகும். அலுமினியமோ மெக்னீசியமோ மாட்டுங்கள். இல்லாவிட்டால் மோட்டாரின் அலுமினிய உடல்தான் அரிக்கும்.

பெட்ரோல் விஷயத்தில் முன்னைவிடக் கவனம் தேவை. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும், கையால் அழுத்தி எரிபொருள் ஏற்றும் பம்ப் பல்பையும் இளக்கிவிடும். குழாய் முழுவதையும் புதிதாகப் போட்டு, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். 50-க்கு 1 என்று பெட்ரோலில் ஆயில் கலக்கும் மோட்டாரானால் லிட்டருக்கு 20 மில்லி, அதுவும் படகு டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கென்றே உள்ள டி.சி.டபிள்யூ. 3 ரக ஆயில். பைக் ஆயில் ஊற்ற வேண்டாம். முழு வேகத்தில் மணிக்கு 15 முதல் 20 லிட்டர் குடிக்கும் என்பதால் சவாரிக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுவிட்டு ஏலத்தில் கை தூக்குங்கள்.

அணையில் இந்தப் படகுக்கு இருக்கும் எதிரிகள் வலையும் ஆகாயத்தாமரையும். அறுந்த நைலான் வலை பிராப்பெல்லருக்குப் பின்னால் சுற்றி ஆயில் சீலை அறுத்துவிடும். மாதம் ஒருமுறை பிராப்பெல்லரைக் கழற்றி ஷாஃப்ட்டைப் பார்ப்பது பத்து நிமிட வேலை, அதைத் தள்ளிப்போடாதீர்கள். தாமரைத் தண்டு தண்ணீர் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். அணையின் முழு மட்டம் 52 அடி. மட்டம் இறங்கும் காலத்தில் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறு விரிந்துவிடும். ட்ரெய்லர் அதில் புதையும், எனவே பழைய பலகைகள் கையிருப்பில் இருக்கட்டும்.

ஒகேனக்கல் வேறு உலகம். மோட்டாரின் கால் இரண்டடி ஆழம் கேட்கும். அங்கே பாறைகள் தண்ணீருக்கு ஒரு சாண் கீழேயே இருக்கின்றன. பரிசல் அந்தப் பாறைமேல் வழுக்கிக்கொண்டு போகும், தேவைப்பட்டால் ஓர் ஆள் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு அடுத்த மடுவுக்கு நடப்பார். மீட்பு வேலைக்கும் அந்த இடத்தில் பரிசலும் காற்றடைத்த ரப்பர் படகும்தான் பொருத்தம்.

காகித வேலை: ஏலத்தில் ‘இருக்கும் இடத்தில், இருக்கிறபடி’ என்றுதான் விற்பார்கள், பிறகு புகார் சொல்ல வழியில்லை. மோட்டார் பொருத்திய படகை உள்நாட்டு நீர்வழிகளில் ஓட்ட 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி ஆய்வுச் சான்றும் பதிவும் வேண்டும். நீல விளக்கு, சைரன், போலீஸ் எழுத்து, வயர்லெஸ் செட் எதுவும் படகில் இருக்கக் கூடாது. பழைய லைஃப் ஜாக்கெட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தாலும் அவற்றைப் பயணிகளுக்கு மாட்டாதீர்கள், உள்ளே ஃபோம் நொறுங்கியிருக்கும்.

உடல் நன்றாக இருக்கும் படகை ஏலத்துக்கே அனுப்பாமல் அணைக்குப் பக்கத்திலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கு மாற்றித் தருவதுதான் மிகச் சரி என்பது எங்கள் உறுதியான எண்ணம். ரோந்துப் பிரிவு போன பிறகு தண்ணீரில் விழுந்தவரைத் தேடப் போவது தீயணைப்பு வீரர்கள்தான். அப்படி மாற்றினால் படகை மட்டும் கொடுத்துப் பயனில்லை. மணிக்கணக்கு எழுதிய லாக் புத்தகம், ஓட்டுநர் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கயிறு, உதிரி பிராப்பெல்லர், இம்பெல்லர் செட், ட்ரெய்லர் சக்கரத்துக்குப் புது பேரிங் எல்லாம் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் கைமாற வேண்டும்.