என்.ஐ.எஸ்.டி.யின் தோட்டாத் தடத் தரவுத்தளம்: யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம்

துப்பாக்கித் தடயவியல் படிக்கிறவர்களும் கணினியில் மேற்பரப்புகளை ஒப்பிடும் வேலையில் இருப்பவர்களும் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டிய தளம் இது. அமெரிக்காவின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2016 ஜூலையில் இதைத் திறந்தது. சுடும்போது துப்பாக்கியின் உலோகம் தோட்டாவிலும் உறையிலும் நுண்ணிய தடங்களைப் பதிக்கும். அப்படிச் சுட்ட தோட்டாக்களையும் வெற்று உறைகளையும் முப்பரிமாணத்தில் அளந்து, அந்த அளவுகளை அப்படியே கோப்பாகப் போட்டிருக்கிறார்கள். காசு கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது போலீஸ் தரவுத்தளம் அல்ல. குற்ற இடத்தில் கிடைத்த உறைகளை ஒப்பிடும் நிபின் என்ற வலையமைப்பு அங்கே தனியாக இருக்கிறது, வெளியாள் அதற்குள் நுழைய முடியாது. இங்கே இருப்பவை ஆராய்ச்சிக்காகச் சுட்டவை, எது எந்தத் துப்பாக்கி என்று பெரும்பாலும் தெரிந்தவை.

முதலில் எடுக்க வேண்டியது ஹாம்பி தொகுப்பு. ரூகர் பி85 என்ற 9 மி.மீ. கைத்துப்பாக்கிக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் புரி (தோட்டாவைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டும் சுருள் பள்ளங்கள்) வெட்டிய 10 குழல்கள், ஒவ்வொன்றிலிருந்தும் 2 தோட்டா, கூடவே எந்தக் குழல் என்று சொல்லப்படாத 15. அடுத்தடுத்து வெட்டிய குழல்களில்தான் தடங்கள் ஒன்றுபோல இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் வேண்டுமென்றே இப்படிச் செய்தார்கள். அந்த 15-உம் எந்தெந்தக் குழலில் வந்தவை என்று கண்டுபிடிப்பதுதான் சோதனை. 20 நாடுகளைச் சேர்ந்த 507 பேர் பங்கேற்ற ஆய்வாக இது 2009-இல் வெளிவந்தது. ஆய்வகத்து ஒப்பீட்டு மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவர்கள் மட்டுமே பார்த்த தடங்களை இப்போது வீட்டிலிருந்தே அளக்கலாம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

குழலுக்குள் 6 மேடு, 6 பள்ளம். மேடு அழுத்திய இடங்களைத்தான் அளக்கிறார்கள், அதனால் தோட்டா ஒன்றுக்கு 6 கோப்பு. ஒன்றைத் திறந்து குறுக்கே ஒரு வெட்டுக்கோடு போட்டால் முதலில் தோட்டாவின் வளைவுதான் தெரியும், அந்த வளைவைக் கழித்துவிட்டால் சில மைக்ரான் உயரமுள்ள மேடுபள்ளங்கள் மிஞ்சும். ஒரே குழலில் வந்த இன்னொரு தோட்டாவின் கோட்டை மேலே வைத்து மெல்ல நகர்த்திப் பாருங்கள், ஓரிடத்தில் முகடு முகட்டோடு பொருந்தி நிற்கும். அப்புறம், கோட்டின் இரண்டு ஓரத்திலும் திடீரென்று ஓர் ஏற்றம் வரும், அது குழலின் பள்ளத்துக்குள் இருந்ததால் தோட்டாவில் மேடாக நிற்கும் பகுதியின் தோள். அதை வெட்டாமல் ஒப்பிட்டால் கணக்கு மொத்தமும் கெட்டுப்போகும். சோதனைக்குத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுடும்போது சுவரில் உரசிய கீறலும் சில தோட்டாக்களில் உண்டு. அதையும் ஒளிக்காமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கோப்பு வடிவம் எக்ஸ்3பி. பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே மெயின் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் முதற்கொண்டு இருக்கும். ஆர் என்ற கணினி மொழியில் இந்தக் கோப்புகளைக் கையாள எக்ஸ்3பிடூல்ஸ் என்ற நிரல் தொகுப்பும் இலவசம்.

குறை இல்லாமல் இல்லை. அடிப்படை தெரியாமல் வருகிறவருக்கு இது வெறும் கோப்புக் கிடங்குதான், வளைவைக் கழிப்பதெல்லாம் வேறெங்காவது கற்றுக்கொண்டு வர வேண்டும். எலும்பிலோ சுவரிலோ மோதிச் சப்பிப்போன தோட்டாவில் ஒன்றிரண்டு மேட்டுத் தடம் மிஞ்சினாலே பெரிது, ஆனால் ஹாம்பி போன்ற தொகுப்புகளில் இருப்பவை உருக்குலையாதவை. இங்கே ஜெயித்த ஒப்பீட்டு நிரல் உண்மையான வழக்கிலும் ஜெயிக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புரியே இல்லாத வழவழப்பான குழல் கொண்ட நாட்டுத் துப்பாக்கி வழக்குகளைப் பார்க்கும் நம் ஊர் ஆய்வகத்துக்கு இந்த மேட்டுத் தடங்களால் நேரடிப் பயன் குறைவு.

இருந்தாலும் நான் இதைத் தூக்கிப் பிடிக்கக் காரணம் இருக்கிறது. அதே 2016 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, துப்பாக்கி அடையாளத் துறையில் சரியாக வடிவமைத்த ஆய்வு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது போதாது என்று எழுதியது. இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் வந்தது என்று கூண்டில் ஏறி ஒருவர் சொன்னால் ஒரு மனிதன் ஆயுள் முழுக்க உள்ளே போகலாம். அப்படிச் சொல்கிற முறை எவ்வளவு தூரம் நம்பகமானது என்று வெளியாட்களும் சோதிக்க முடிய வேண்டும், அதற்கான பொருள் இங்கே கிடைக்கிறது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் மொத்தத்தையும் இறக்க வேண்டாம். ஒரு குழலின் 2 தோட்டா, 12 கோப்பு, அது போதும். அவை பொருந்துவதைப் பார்த்த பிறகு அடுத்த குழலுக்குப் போங்கள்.