ஓவனையும் சோர்டோ ஸ்டார்ட்டரையும் ஒரே பெட்டியில் விற்கும் 'தொடக்கத் தொகுப்பு': வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இயற்கையாகப் புளிக்கவைத்த மாவில் செய்யும் சோர்டோ ரொட்டியை வீட்டிலேயே சுட விரும்புவோருக்கென்று, மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன், மாவைப் புளிக்கவைத்துப் பொங்கச் செய்யும் உலர்த்திய ஸ்டார்ட்டர், செய்முறைக் கையேடு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் தொகுப்புகள் இணையத்தில் வலம் வருகின்றன. அப்படியொரு தொகுப்பை வாங்கி ஏமாற்றப்பட்ட நான், மற்றவர்களும் அதே வலையில் விழக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். புகாரின் ஒரு பகுதி இன்னும் விசாரணையில் இருப்பதால் விற்பனையாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் கையாண்ட முறையை விரிவாகச் சொல்லியாக வேண்டும். இரண்டு பொருள்களைச் சேர்த்து விற்பதே இங்கு சூழ்ச்சியின் மையம். ஓவன் சரியில்லை என்றால் பழி ஸ்டார்ட்டரின்மேல் விழும். ஸ்டார்ட்டர் சரியில்லை என்றால் ஓவனின்மேல் விழும். இரண்டையும் சொன்னால் சமைப்பவரின் கைமேல் விழும்.

ரொட்டி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். மேற்பரப்பு சிவக்கவே இல்லை; வெளிறித் தடித்திருந்தது. நன்றாக ஆறவிட்டு அறுத்தபோதும் கத்தியின் இரு பக்கத்திலும் பசைபோல மாவு ஒட்டிக்கொண்டு வந்தது, அடிப்பகுதியில் ஈரமான ஒரு பட்டை அப்படியே படிந்து கிடந்தது. அன்றாடச் சமையலிலும் இதே கதைதான். எண்ணெய் தடவிப் பரப்பி வைத்த உருளைக்கிழங்குத் துண்டுகள் பொன்னிறமாக முறுகாமல், தம் நீரிலேயே வெந்து குழைந்தன. கிழங்கும் காரட்டும்கூட முறுகாத ஓவனில் ரொட்டி மட்டும் எப்படிச் சிவக்கும்?

இதை எழுதிக் கேட்டபோது, ஸ்டார்ட்டர் முழுமையாக விழிக்கவில்லை என்று பதில் வந்தது. ஸ்டார்ட்டரைப் பற்றிக் கேட்டபோது, ஓவனை இன்னும் அதிக நேரம் முன்சூடு செய்யுங்கள் என்றார்கள். பிறகு மாவில் குறை, அதன்பின் குழாய்த் தண்ணீரில் குளோரின், கடைசியில் உங்கள் வீட்டு மின்னழுத்தம் போதவில்லை என்று பட்டியல் நீண்டது. இந்தப் பதில்கள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதுதான் ஆபத்து. முன்சூடு தேவைதான், மின்னழுத்தம் குறைந்தால் ஓவன் பலவீனப்படும் என்பதும் சரிதான். அதனாலேயே, புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் தங்கள் கைப்பக்குவத்தையே சந்தேகித்துக்கொண்டு மாதக்கணக்கில் மாவை வீணாக்குகிறார்கள், அதற்குள் பொருளைத் திருப்பியனுப்பும் கெடு முடிந்துவிடுகிறது.

எனவே விவாதத்தை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்கினேன். கம்பி முனையுள்ள சமையல் வெப்பமானி ஒன்றைக் கொதிக்கும் நீரில் வைத்துச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு, அதன் முனையை ஓவனின் நடுத்தட்டில், உலோகத்தில் படாதபடி நிறுத்தினேன். குமிழை 230 டிகிரி செல்சியஸில் வைத்தால், உள்ளே வெப்பம் 185ஐத் தாண்டவே இல்லை. அந்த அளவை எட்டியதும் ஓவனைச் சூடாக்கும் மின்சுருளான காயில் அணைந்துவிடும், வெப்பம் 160 வரை இறங்கும், மீண்டும் காயில் எரியும். எந்த ஓவனிலும் வெப்பம் ஓரளவு ஏறி இறங்கத்தான் செய்யும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வேலை செய்யும் விதமே அது. ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தின் சராசரி, குமிழில் வைத்த அளவை ஒட்டி இருக்க வேண்டும். இங்கே உச்சமே 45 டிகிரி குறைவு. சோர்டோ ரொட்டிக்குப் பொதுவாக 230 முதல் 250 டிகிரி வரை தேவைப்படும்போது, இது சுடும் வேலையே அன்று, உலர்த்தும் வேலை.

வெப்பமானி இல்லாதவர்கள் சர்க்கரையைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையை அலுமினியத் தாளில் பரப்பி, நன்றாக முன்சூடு செய்த ஓவனின் நடுத்தட்டில் வைத்து, குமிழை 210இல் நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருங்கள். ஒழுங்கான ஓவனாக இருந்தால் சர்க்கரை உருகிப் பழுப்பேறத் தொடங்கியிருக்கும். என்னுடையதில் ஒரு படிகம்கூட அசையவில்லை; தாளைச் சாய்த்தபோது அத்தனையும் உலர்ந்த பொடியாகவே சரிந்து கொட்டின. இந்தச் சோதனையைப் படம் எடுத்து வைத்தது பிற்பாடு மிகவும் உதவியது, ஏனென்றால் வெப்பமானியின் எண்ணை மறுக்கிறவர்களால்கூட உருகாத சர்க்கரையை மறுக்க முடியவில்லை.

காரணத்தையும் கண்டுபிடிக்க முடிந்தது. தெர்மோஸ்டாட்டின் உணரியாக இருக்கும் மெல்லிய உலோகக் குழாயை, மேல் காயிலுக்கு மிக நெருக்கமாகப் பொருத்தியிருக்கிறார்கள். காயிலின் நேரடி வெப்பம் முதலில் அதைத்தான் தாக்கும், ஓவனின் நடுப்பகுதி சூடேறுவதற்கு முன்பே உணரி போதும் என்று முடிவுகட்டி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எவ்வளவு நேரம் முன்சூடு செய்தாலும் இது மாறாது.

மின்னழுத்தம் பற்றிய சாக்கையும் விட்டுவைக்கவில்லை. காயில் இழுக்கும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஆற்றல் 19 சதவீதம் குறையும். ஆகவே கேள்வி நியாயமானதுதான். பிளக்கில் செருகிப் பார்க்கும் மின்அளவியை வைத்துப் பார்த்தபோது மின்னழுத்தம் இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது, ஆனால் ஓவன் 1300 வாட்டைத் தொடவில்லை. விளம்பரத்தில் 1800 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஓவனைத் திருப்பி, பின்புறத்தில் ஒட்டியிருந்த விவரத் தகட்டைப் படித்தால் அதிலேயே 1300 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. அந்தத் தகட்டின் படத்தை விற்பனைப் பக்கத்தில் எங்குமே போடவில்லை.

கொள்ளளவிலும் இதே கைவரிசை. 42 லிட்டர் என்றார்கள். உள்ளே அளவுநாடாவை வைத்தால் அகலம் 33, ஆழம் 29, உயரம் 23 சென்டிமீட்டர். பெருக்கினால் 22 லிட்டர். அந்த 42 எங்கிருந்து வந்தது என்று தேடி வெளிப்புறத்தை அளந்தேன். 44, 34, 28. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 42 லிட்டர் வரும். சுவர், கட்டுப்பாட்டுப் பலகை, காற்றுக்குக்கூட இடமில்லாத இடுக்குகள் எல்லாவற்றையும் கொள்ளளவில் சேர்த்திருக்கிறார்கள். சோர்டோ ரொட்டியை மூடியுள்ள கனமான இரும்புப் பாத்திரத்தில் சுடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது: பாத்திரத்தை வைத்து மூடியைப் பொருத்தினால் அதன் கைப்பிடி மேல் காயிலில் இடிக்கிறது. கன்வெக்ஷன் விசிறி என்று சொல்லப்பட்டதும், உள்ளே காற்றைச் சுழற்றுவதற்கானது அன்று. ஓவன் குளிர்ந்திருக்கும்போது விசிறியை மட்டும் ஓடவிட்டு, மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைக் கம்பித்தட்டில் தொங்கவிட்டேன். சத்தம் கேட்டது, கீற்று ஆடவில்லை. அது கட்டுப்பாட்டுப் பலகையைக் குளிர்விக்கும் விசிறி.

இனி ஸ்டார்ட்டருக்கு வருகிறேன், ஏனெனில் எனக்கு அதிகக் கோபம் அதில்தான். நூறாண்டுக்கு மேல் ஒரே குடும்பத்தில் தொடர்ந்து வளர்க்கப்பட்ட பாரம்பரிய ஸ்டார்ட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், அதற்குத் தனி விலை கொடுக்கக் காரணம் மிகக் குறைவு. ஸ்டார்ட்டர் என்பது மாவிலும் நீரிலும் வாழும் காட்டு ஈஸ்ட்களும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் சேர்ந்த ஒரு கூட்டம். நாம் எந்த மாவை இடுகிறோம், எந்த வெப்பத்தில் வைக்கிறோம், எவ்வளவு இடைவெளியில் ஊட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். 2021இல் வெளியான ஓர் ஆய்வு, நான்கு கண்டங்களிலிருந்து திரட்டிய 500 ஸ்டார்ட்டர்களைப் பரிசோதித்து, அவற்றிலுள்ள நுண்ணுயிர்க் கூட்டத்துக்கும் அவை வந்த இடத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை என்றே கண்டது. முழுத்தானிய மாவும் நீரும் கொண்டு பொறுமையாக வளர்க்கும் ஸ்டார்ட்டர் எந்த வகையிலும் தாழ்ந்ததன்று.

ஆனால் எனக்கு வந்தது பழைய ஸ்டார்ட்டரும் அன்று, புதிய ஸ்டார்ட்டரும் அன்று. வெள்ளைத் தாளில் கொட்டி வெளிச்சத்தில் பார்த்தபோது, ஒழுங்கற்ற மாவுச் செதில்களுக்கு இடையே, ஒரே அளவில், ஒரே பழுப்பு நிறத்தில், உருளை வடிவில் மிகச் சிறிய மணிகள் கலந்திருந்தன. கடையில் வாங்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டைக் கையாண்ட எவரும் அந்த மணிகளை உடனே அடையாளம் காண்பார்கள். நீர் ஊற்றிக் கலக்கியதும் ஒன்றரை மணி நேரத்துக்குள் கலவை இருமடங்காகப் பொங்கியது. புளித்த மணம் துளியும் இல்லை. வீசியதெல்லாம் ஈஸ்ட் பொட்டலத்தின் வாசம். உண்மையாக உலர்த்திய ஸ்டார்ட்டர் இப்படி நடந்துகொள்ளாது. அதன் உயிர்கள் மெதுவாகவே விழிக்கும், சில நாள்கள் திரும்பத் திரும்ப ஊட்டிய பிறகே சீராகப் பொங்கத் தொடங்கும்.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாவும் நீரும் மட்டும் சேர்த்துப் புதிதாக வளர்க்கும் கலவை, இரண்டாம் மூன்றாம் நாளில் திடீரென்று நுரைத்துப் பொங்கிவிட்டு, பின்பு சில நாள் அடங்கிக் கிடப்பது இயல்பு. தொடக்கத்தில் பெருகும் வேறு பாக்டீரியாக்களின் வேலை அது. அமிலம் கூடியதும் அவை ஒடுங்கும், அதன்பின் ஈஸ்ட்கள் தலையெடுக்கும். அதைப் பார்த்து யாரும் பயந்து கொட்டிவிட வேண்டியதில்லை. மேலே கறுத்த நீர் தேங்கினாலும் அது பசியின் அறிகுறிதான்.

சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது உள்பொட்டலம். வெளிப்பெட்டியில் கோதுமை மாவு, இயற்கை நுண்ணுயிர்கள் என்று மட்டுமே இருந்தது. உள்பொட்டலத்தை ஒட்டிய விளிம்பைப் பிரித்து விரித்தால், மடிப்புக்குள் மறைந்த மிகச் சிறிய எழுத்தில் கோதுமை மாவு, உலர் ஈஸ்ட், சிட்ரிக் அமிலம் என்று இருக்கிறது. பொங்குவதற்கு ஈஸ்ட், புளிப்புக்கு அமிலப் பொடி. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மணிக்கணக்காக உழைத்துத் தரும் சுவையும், ரொட்டி சில நாள் பூசணம் பிடிக்காமல் தாங்கும் தன்மையும் இதில் எங்கிருந்து வரும்?

கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது உடல்நலம் சார்ந்தது. ஸ்டார்ட்டரில் இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கீற்றுகள் தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் வழித்துவிட்டுத் தொடரலாம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. அந்த நிறங்களோ பூசணமோ தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவிப் புதிதாகத் தொடங்க வேண்டும். அதைவிட மோசமானது, கோதுமைப் புரதமான குளூட்டன் ஒவ்வாதவர்களும் இந்த ரொட்டியைத் தயக்கமின்றி உண்ணலாம் என்ற வரி. கோதுமையில் செய்த சோர்டோவில் குளூட்டன் இருக்கிறது. குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது. விற்பனைக்காக இப்படி ஒரு வரியை அச்சிடுபவர்களை எந்த விதத்திலும் மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அளவுகளையெல்லாம் அனுப்பிய பிறகு இழுத்தடிப்பு தொடங்கியது. ஒரு காணொளி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியதும் வேறு கோணத்தில் இன்னொன்று வேண்டும் என்றார்கள். புதிய காயிலின் எண்ணெய்ப் பூச்சு எரிந்து தீரும்வரை வெறுமையாக ஓடவிடுங்கள், வெப்பம் தானாகக் கூடும் என்றார்கள். முதல்முறை அப்படி ஓடவிடுவது வழக்கம்தான், புகையும் மணமும் அதனால் நீங்கும். ஆனால் குறையும் 45 டிகிரி அதனால் திரும்பி வராது. கெடு முடிந்த மறுநாளே, பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்ற மடல் வந்தது. பிறகு, புகாரைத் திரும்பப் பெற்று ஐந்து நட்சத்திர மதிப்புரை எழுதினால் பாதிப் பணம் தருவதாக அழைத்துப் பேசினார்கள். நான் ஒப்பவில்லை, பேசியதை எழுத்தில் அனுப்பச் சொன்னேன், அனுப்பவில்லை. புகாரை முதலில் திரும்பப் பெறுங்கள், பணம் அப்புறம் வரும் என்று யார் சொன்னாலும் இணங்காதீர்கள். திரும்பப் பெற்ற புகாரை மீண்டும் திறக்கப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

அந்த ஐந்து நட்சத்திரங்கள் எப்படிச் சேர்ந்தன என்பதும் மதிப்புரைகளைக் கடைசிவரை படித்தபோது விளங்கியது. பழைய மதிப்புரைகள் பலவற்றில் கூர்மை அபாரம், கைப்பிடி வழுக்கவில்லை என்று எழுதியிருந்தது. வேறேதோ பொருளுக்கு வந்த பாராட்டுகள் அவை. அந்தப் பக்கத்திலேயே பெயரையும் படத்தையும் மாற்றி ஓவனை ஏற்றியிருக்கிறார்கள்.

விவரத் தகடு, அளவுநாடா, சர்க்கரை, உள்பொட்டலத்தின் எழுத்து ஆகியவற்றின் படங்களோடு கடன் அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிட்டேன். விளம்பரத்தில் 1800 வாட், தகட்டில் 1300 வாட் என்ற ஒரே முரண்பாடே ஓவனின் தொகையைத் திருப்பித் தரப் போதுமானதாக இருந்தது. ரொட்டி நன்றாக வரவில்லை என்று எழுதியிருந்தால் அது என் திறமை பற்றிய வாதமாகவே முடிந்திருக்கும். ஸ்டார்ட்டர் பிரித்த உணவுப்பொருள் என்பதால் அதன் தொகை மறுக்கப்பட்டது. அது குறித்த மறுமுறையீடுதான் இப்போது நிலுவையில் இருக்கிறது.

இத்தகைய தொகுப்பை ஏற்கெனவே வாங்கியவர்கள், கெடு எஞ்சியிருந்தால் இன்றே அளந்து படம் எடுத்துவிடுங்கள். கெடு முடிந்து ஓவனைப் பயன்படுத்தியே ஆக வேண்டியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: குமிழில் உணவைச் சூடாக வைப்பதற்கென்று குறித்திருக்கும் 70 டிகிரி, என் அளவீட்டில் 46 டிகிரியாகவே இருந்தது. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்கள் விரைவாகப் பெருகும். ஆகவே சமைத்த உணவை அந்த நிலையில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள். கோழி இறைச்சியைச் சுட்டால் கையேட்டின் நேரக்கணக்கை நம்பாமல், தடித்த பகுதியின் நடுவில் வெப்பமானியைச் செருகி 74 டிகிரியை எட்டியதா என்று பார்த்த பிறகே பரிமாறுங்கள்.