கபீகஜ் எழுதிய ஓரத்தில் கத்தி வைக்காத பைண்டிங் கடை

மேலப்பாளையத்தில் எங்கள் உம்மாவின் பாட்டனார் ஓதிப் பார்க்கிறவர். காய்ச்சல், கண்ணேறு, பிள்ளை ராத்திரியில் திடுக்கிட்டு அழுவது என்று யார் வந்தாலும் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் ஆயத்து, அதாவது குர்ஆன் வசனம், எழுதி, கரைத்துக் குடிக்கக் கொடுப்பாராம். அவர் கையாண்ட கையெழுத்துக் கிதாபு என்னிடம் வந்தபோது 92 தாள், பாதிக்கு மேல் பூச்சி அரித்த சல்லடை.

முதலில் வேறோர் இடத்தில் கொடுத்தேன். கேட்காமலே நாலு தாளை மெஷினில் ஓரம் வெட்டிவிட்டார்கள். அதிலிருந்த ஓரக்குறிப்பு போனது போனதுதான். இன்னும் வயிறு எரிகிறது.

அப்புறம்தான் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இந்தக் கடைக்குப் போனேன். கோர்ட்டுக் கட்டும் பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டும் தைக்கிற சின்னக் கடை. அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு முதல் தாளைத் திருப்பினார்.

"எம்மா, இந்த ஓரத்துல ஒரே சொல்லு மூணு வாட்டி எழுதியிருக்கே, என்னது?"

"யா கபீகஜ், அண்ணாச்சி. புஸ்தகத்தைப் பூச்சி தின்னக் கூடாதுன்னு எழுதுறது."

கபீகஜ் முதலில் ஒரு நச்சுச் செடியின் பெயர். போகப்போக அது பூச்சிகளை அடக்கி ஆளும் ஜின்னின் பெயர் என்று நம்பிக்கை வளர்ந்தது. அரபு, பாரசீக ஏடுகளை நகலெடுத்தவர்கள் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ அந்தப் பெயரைக் கூப்பிட்டு எழுதி வைத்தார்கள். அண்ணாச்சி முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம துத்தம் மாதிரின்னு சொல்லுங்க" என்றார். பசை காய்ச்சும்போது பூச்சிக்காக மயில்துத்தம் போடுவார்களே, அதைச் சொன்னார். எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. எழுதினவரும் இவரும் ஒரே வேலைக்காரர்கள்.

அந்தத் துத்தப் பசையைக்கூட அட்டைக்கு மட்டும்தான் தொட்டார். தாளுக்கு வெறும் கோதுமை மாவுப் பசை, ஓட்டைக்கு மெல்லிய டிஷ்யூ. தையல் முழுக்க ஊசியும் நூலும். ஓரத்தில் ஒரு நூல் அளவுகூட வெட்டவில்லை.

நடுவில் ஒரு தாளில் வரிசைக்கு மூன்றாக ஒன்பது கட்டம் உண்டு: 4, 9, 2; 3, 5, 7; 8, 1, 6. குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 15. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைப்பது அப்ஜத் கணக்கு; மூலைகளில் நிற்கும் 2, 4, 6, 8 அந்தக் கணக்கில் எழுத்தாக மாறினால் 'பதூஹ்'. கடிதம் பத்திரமாகப் போய்ச் சேர அந்தக் காலத்தில் உறைமேல் அதை எழுதினார்கள். இந்த நம்பிக்கை பாமரரோடு நின்றதும் இல்லை. துருக்கியை ஆண்ட உஸ்மானிய வம்சத்து இளவரசர் ஜெம்முக்காக 1477இல் தொடங்கி 1480இல் முடித்த காப்புச் சட்டை நிறைய இப்படி எண்ணும் ஆயத்தும்தான். இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இருக்கிறது. எங்கள் கிதாபில் அந்தக் கட்டத்தின் ஒரு மூலையைப் பூச்சி தின்றிருந்தது. அண்ணாச்சி டிஷ்யூ ஒட்டி, எண்ணை எழுதாமல் வெற்றாகவே விட்டார். "அவுக கை எழுதுனது. நான் எழுதக் கூடாதும்மா."

குறையும் உண்டு. மூன்று வாரம் என்றவர் ஏழு வாரம் ஆக்கினார். முதுகுத் துணி பளீர் சிவப்பு, பழுப்பு கேட்டிருந்தேன். கூலி 1,800 ரூபாய், எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. போகிறவர்கள் காலையில் போங்கள், சாயங்காலம் ரெக்கார்டு நோட்டுப் பிள்ளைகள் கூட்டம். ஓரம் வெட்ட வேண்டாம் என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

கிதாபை வாங்கும்போது மெல்லிய துணியில் முடிந்த வசம்புத் துண்டு ஒன்றைக் கூடவே கொடுத்தார். முதல் தாளுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.