டைப் டீ-4 ஓட்டோ கியர் எண்ணெய்: கொட்டகலையில் ஒரு பழைய கொரோலாவுக்கு மாற்றிப் பார்த்தது

எங்கள் வீட்டில் ஓடுவது 2003ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலா 121 கார், தானாகவே மாறும் நான்கு வேக ஓட்டோ கியர். டொயோட்டாவின் டைப் டீ-4 கியர் எண்ணெயை நான்கு லீற்றர் டின்னாக வாங்கி, கராஜுக்குப் போகாமல் நானே மாற்றினேன். மலைப்பாதையிலேயே காலம் தள்ளும் இத்தகைய வாகனங்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

இதற்கு முன்னர் ஒரு கடையில் "எல்லா வாகனத்துக்கும் பொருந்தும்" என்று சொல்லி ஊற்றிய எண்ணெய்தான் கியர் பெட்டிக்குள் இருந்தது. குளிர்ந்த காலைகளில் கியரை முன்னோக்கி ஓடுவதற்கான 'டி'க்குத் தள்ளினால் இரண்டு மூன்று விநாடி கழித்தே வண்டி பிடித்தது. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது எந்தக் கியரில் நிற்பது என்று தெரியாமல் மேலும் கீழும் மாறிக்கொண்டிருந்தது. மேட்டில் மெதுவாக ஏறும் வேளையில் இயந்திரம் சுழலும் வேகத்துக்கும் கியர் பெட்டி சுழலும் வேகத்துக்கும் இடையிலான வித்தியாசத்தால் வீணாகும் சக்தி, இயந்திரத்தின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கொன்வேட்டரில் வெப்பமாகி எண்ணெயில்தான் இறங்குகிறது. ஆகவே நேர்ச் சாலையில் ஓடும் வாகனத்தின் கிலோமீற்றர் கணக்கை மட்டும் பார்த்து, இங்கே எண்ணெய் மாற்றும் காலத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

எந்த எண்ணெய் என்பதை எங்கள் வண்டியின் கியர் எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோலிலேயே பொறித்திருக்கிறார்கள். புதிய டொயோட்டாக்களுக்கான டபிள்யூ.எஸ். எண்ணெய் இதைவிட மெல்லியது. இரண்டும் டொயோட்டா எண்ணெய்தானே என்று அதை இதற்கு ஊற்றிவிடக் கூடாது.

தோட்டப்புறத்தில் சமதரை தேடுவதே பெரிய வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுமதி பெற்று, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னாலிருந்த சீமெந்துத் தளத்தில் அட்டைகளை விரித்து வண்டியை நிறுத்தினேன். வண்டியின் பாரத்தைத் தாங்கும் முட்டுகளை வைக்காமல், ஜாக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம். இயந்திர எண்ணெய் வடிக்கும் ஆணியையும் கியர் எண்ணெய் வடிக்கும் ஆணியையும் மாற்றிக் கழற்றிவிடுவது பலரும் செய்யும் தவறு. எங்கள் வண்டியில் கியருக்குரியதன் நடுவில் ஆறுமூலைத் துளை இருப்பதால் அடையாளம் காண்பது எளிது. வடிந்தது பிளேன்டீயை விடக் கறுப்பு. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டபோது நடுவில் கறுத்து, ஓரத்தில் தவிட்டு நிறமாகப் பரவியது. பக்கத்தில் விட்ட புதுச் சொட்டு மாதுளை முத்துப்போல் சிவந்திருந்தது.

வடிந்ததைத் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி அளந்தேன்: மூன்று லீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதே அளவைப் புனல் வைத்து அளவுகோல் குழாய் வழியாகவே ஊற்றினேன். டோர்க் கொன்வேட்டருக்குள் உள்ளது இவ்வாறு வடியாது என்பதால் ஒரு தடவையில் பாதிக்கும் குறைவாகவே மாறுகிறது. அதனால் ஒரு மாதம் ஓட்டிவிட்டு இரண்டாம் முறையும் மாற்றினேன். பழைய கியர் பெட்டியில் கழுவும் கருவியைப் பூட்டி அழுத்தத்தோடு கழுவுவதைவிட இந்த நிதானமான வழியையே நான் விரும்புகிறேன். அளவை இறுதியாகப் பார்ப்பதற்கு முன் தலவாக்கலை வரை ஓடித் திரும்பி, எண்ணெய் நன்றாகச் சூடான பின், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், எல்லாக் கியருக்கும் ஒருமுறை தள்ளி மீண்டும் வண்டியை நிறுத்தி வைப்பதற்கான 'பி'க்குக் கொண்டுவந்தே அளவுகோலை இழுக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்து 'ஹொட்' கோடு வரை நிரப்பினால் அளவு மிஞ்சிவிடும்.

இரண்டாம் மாற்றத்துக்குப் பின் காலைத் தாமதம் போய்விட்டது. மேட்டில் கியர் மாறுவது இன்னும் உண்டு, ஆனால் உதறல் இல்லை.

எண்ணெயில் குறை காணவில்லை, குறை டின்னில்தான். உள்ளே எவ்வளவு மீதி என்று வெளியிலிருந்து தெரியாது, ஒரு லீற்றருக்குச் சற்று அதிகம் எப்போதும் எஞ்சுகிறது, எங்கள் ஊரின் ஈரக் காற்றில் திறந்த டின்னை வைத்திருக்கவும் மனம் வரவில்லை. இரு மாற்றத்துக்கும் இரண்டு டின் தேவைப்பட்டது. கழிவெண்ணெயை வடிகானில் ஊற்றினால் கொத்மலை ஓயாவுக்கே போய்ச் சேரும் என்பதால், போத்தல்களை இறுக மூடி, கழிவெண்ணெய் சேர்க்கும் கராஜ் ஒன்றின் பீப்பாயில் ஊற்றிவிட்டு வந்தேன்.