இறுதி மரியாதைக்கு மாலையா, மலர் வளையமா?

துக்க வீட்டுக்குக் கிளம்பும்போது பலரும் தடுமாறும் கேள்வி இது. யோசிக்க நேரமும் இருக்காது.

செலவு
மாலை: முகூர்த்த நாளில் ரோஜாவும் சம்பங்கியும் விலை ஏறிவிடும். அன்று செவ்வந்தி போதும்.
வளையம்: பூவோடு சட்டத்துக்கும் கைவேலைக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வாட்டம்
மாலை: மல்லிகை சில மணி நேரத்தில் நிறம் மாறிவிடும். செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் மறுநாள் வரை தாங்கும்.
வளையம்: ஈரம் பிடித்துவைக்கும் நுரைக்கட்டியில் காம்பைச் செருகினால் வாடுவது தாமதமாகும்.

மறைந்தவருக்கென்றே அமைவது
வளையம்: பெயரும் உறவும் எழுத இடம் உண்டு. 'உங்கள் மாணவர்கள்' என்ற ஒரு நாடாவே போதும், ஓர் ஆசிரியரின் வாழ்வு கண்முன் நிற்கும்.
மாலை: எழுத முடியாது, ஆனால் மணம் பேசும். என் பாட்டி தினமும் கொண்டையில் மரிக்கொழுந்து வைப்பார். அவருக்கான மாலையில் சாணுக்கு ஒரு கொத்து வைத்துக் கட்டச் சொன்னோம். குனிந்து வணங்கிய ஒவ்வொருவரும் அந்த வாசனையில் அவரை நினைத்து அழுதார்கள். பூக்காரரிடம் இப்படிக் கேட்கத் தயங்காதீர்கள்.

தகனம்
மாலை: நாரில் கட்டியது, ஜிகினா இல்லாதது நல்லது.
வளையம்: தெர்மோகோல், கம்பி, பிளாஸ்டிக் நாடா இருந்தால் எரியூட்டும் முன் எடுத்துவிட வேண்டும்.

நெருங்கிய உறவினர் என்றால் மாலையே சொல்லுங்கள். அதைத் தம் கையால் அணிவிக்கலாம். அலுவலகமோ சங்கமோ பலர் சேர்ந்து வைப்பதென்றால் வளையம் பொருந்தும்.