சொசைட்டி லோன்: கமலாபுரம் ஏர்போர்ட் ஊழியருக்குக் கட்டுப்படியாகுமா?

ஆசிரியர், மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், ரயில்வே என்று மாதச் சம்பளக்காரர்கள் நிறைய இருக்கும் துறைகளில், ஊழியர்களே சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் பழைய சமாச்சாரம். சேலத்தில் யாரும் அந்த முழுப்பெயரைச் சொல்வதில்லை, சொசைட்டி என்றால் போதும். ஓமலூர் பக்கம் கமலாபுரம் விமான நிலையத்தில் வேலை செய்பவர்களும் இப்போது இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். சேரலாமா, அதில் கடன் வாங்கலாமா என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நிரந்தரச் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்து, வட்டி குறைந்துவரும் நிலுவைக்குத்தான் (இன்னும் கட்டாத அசலுக்கு மட்டும்) போடப்படுகிறது என்றால், சேலத்தில் அடமானம் இல்லாமல் கிடைக்கிற கடன்களில் பெரும்பாலும் இதுவே மலிவு. கான்ட்ராக்டில் இருப்பவருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. திறந்தாலும் யோசித்துத்தான் நுழைய வேண்டும்.

காரணம், சொசைட்டியின் உயிரே சம்பளப் பிடித்தத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் யாரிடம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று உறுப்பினர் வாரியாகக் கேட்புப் பட்டியல் தயாரித்து சம்பளப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே பிடித்து மொத்தமாகச் சங்கத்துக்குக் கட்டிவிடுவார்கள். வசூலுக்கு ஆள் வேண்டாம், அதனால்தான் வட்டி குறைவு. ஆனால் அந்தச் சம்பளப் பட்டியல் நிலையாக இருக்க வேண்டும். கமலாபுரத்தின் வரலாறு தெரிந்ததுதானே: 1993-இல் திறந்த நிலையம், நடுவில் பல ஆண்டுகள் விமானமே இல்லை. 2018 மார்ச்சில் மத்திய அரசின் மலிவுக் கட்டண விமானத் திட்டமான உடானில் சேவை வந்து, 2021-இல் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. விமான நிலைய ஆணையத்தின் நிரந்தர ஊழியருக்கு இதனால் சம்பளம் நிற்கப்போவதில்லை. பெட்டி ஏற்றுகிறவர், கவுன்டரில் நிற்கிறவர், துப்புரவுப் பணியாளர் என்று கான்ட்ராக்டில் இருப்பவருக்கு அப்படியில்லை. ஏஜென்சி மாறினால் பிடித்தம் செய்ய ஆளே இல்லை. ஒரு வருட கான்ட்ராக்டை நம்பி ஐந்து வருடக் கடனுக்குச் சங்கம் எப்படிக் கையெழுத்துப் போடும்?

சேருவதற்கு முன்னால் சங்கத்தின் துணை விதிகளை வாங்கிப் படியுங்கள். செயல் எல்லை என்ற பகுதியில் உங்கள் பணியிடமும் சம்பளம் வழங்கும் அலுவலகமும் வருகின்றனவா என்று பாருங்கள். சங்கத்தின் தலைமையிடம் சென்னை மீனம்பாக்கமாக இருந்தால், விண்ணப்பம் கூரியரில் போய்த் திரும்புவது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை ஜாமீன்: அதே சங்கத்தில் உறுப்பினராக உள்ள, சர்வீஸ் மிச்சமுள்ள இரண்டு பேர் வேண்டும் என்பார்கள். சேலம் போன்ற சின்ன நிலையத்தில் இருக்கிற நாலு பேரும் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இனி பணம். உறுப்பினரின் பணம் மூன்று பெயரில் போகும். பங்குத் தொகைக்கு வட்டி கிடையாது, லாபம் வந்தால் ஈவுத்தொகை உண்டு. சிக்கன சேமிப்பு மாதாமாதம் பிடிப்பது, பெரும்பாலும் ஓய்வு பெறும்போதோ விலகும்போதோதான் கைக்கு வரும். மூன்றாவது கடன் தவணை. சம்பளச் சீட்டில் இந்த மூன்றும் ஒரே வரியில் ‘சொசைட்டி 8,500’ என்று விழும். அதைப் பிரித்துப் பார்க்கச் சங்கத்துப் பாஸ்புக் ஒன்றுதான் வழி. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பதிவு போட்டு வாங்குங்கள்.

வட்டியில்தான் சூட்சுமம் இருக்கிறது. 3,00,000 ரூபாய், 10 சதவீதம், 60 மாதம் என்று வைத்துக்கொள்வோம். அசல் மாதம் 5,000. குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி என்றால் முதல் மாத வட்டி 2,500, தவணை 7,500. ஃபிளாட் வட்டி, அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி என்றாலும், மூன்று லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 1,50,000, அதை 60-ஆல் வகுத்தால் 2,500, தவணை அதே 7,500! முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாம் மாதம் பாருங்கள். 7,458 என்று குறைந்திருந்தால் நல்ல கணக்கு, 7,500-லேயே நின்றால் ஃபிளாட். முதல் வகையில் மொத்த வட்டி 76,250, இரண்டாவதில் அதற்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஃபிளாட் 10 சதவீதம் என்பது உண்மையில் 17 சதவீதத்துக்கு மேல். 14 சதவீதத்தில் ஒரு வங்கி தனிநபர் கடன் கொடுத்தால் தவணை 6,980 சொச்சம், மொத்த வட்டி சுமார் 1,18,800. ஆக, ஃபிளாட் போடுகிற சொசைட்டியைவிட வங்கியே மேல்.

பங்குத் தொகையும் கணக்கில் வர வேண்டும். கடனில் 10 சதவீதம் பங்காக இருக்க வேண்டும் என்பது விதியானால், மூன்று லட்சத்தில் 30,000 அங்கேயே தங்கிவிடும். கைக்கு வருவது 2,70,000, வட்டி மூன்று லட்சத்துக்கு. அப்போதே 10 சதவீதம் 11-ஐத் தாண்டிவிட்டது. நிலுவை ஒன்றரை லட்சமாகக் குறைந்தாலும் பங்கு அதே 30,000-தான், அந்தக் கட்டத்தில் நீங்கள் உண்மையில் அனுபவிக்கும் கடன் 1,20,000, விகிதம் 12.5. நல்ல ஈவுத்தொகை கொடுக்கிற சங்கத்தில் இது சரிக்கட்டிவிடும். ஆகவே வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். கடந்த மூன்று ஆண்டு ஈவுத்தொகை என்ன, தணிக்கை எந்த ஆண்டு வரை முடிந்திருக்கிறது என்றும் கேளுங்கள். தணிக்கை பாக்கி என்று இழுத்தால் உஷார்.

கடன் வாங்கும் தேதிக்கும் ஒரு கணக்கு உண்டு. கேட்புப் பட்டியல் போன பிறகு பணம் வாங்கினால், முதல் பிடித்தம் அடுத்த மாதப் பட்டியலில்தான் ஏறும். வட்டி மட்டும் பணம் கை மாறிய நாளிலிருந்தே ஓடும். பட்டியல் எந்தத் தேதியில் போகிறது என்று எழுத்தரிடம் கேட்டு, அதற்கு இரண்டு நாள் முன்னால் வாங்குவது புத்திசாலித்தனம்.

சிக்கல் பெரும்பாலும் தொடங்குவது சம்பளம் இல்லாத விடுப்பில். பிஎஃப், தொழில் வரி, வருமான வரி எல்லாம் பிடித்த பிறகுதான் சொசைட்டியின் முறை வரும். மிச்சம் போதாவிட்டால் சம்பளச் சீட்டில் சொசைட்டிப் பிடித்தமே விழாது. உங்களுக்குத் தகவலும் வராது, சங்கத்துப் பேரேட்டில் அபராத வட்டி மட்டும் ஏறும். அந்த மாதம் நேரில் போயோ வங்கி வழியாகவோ நீங்களே கட்டி ரசீது வாங்கிவிட வேண்டும். பிடித்தத்துக்கு உச்சவரம்பும் உண்டு. 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டம், கூட்டுறவுச் சங்கத்துக்கான பிடித்தமும் சேர்ந்தால் சம்பளத்தில் 75 சதவீதம் வரை போகலாம் என்றது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு மொத்தப் பிடித்தத்தை 50 சதவீதத்தில் நிறுத்துகிறது. கழுத்துவரை கடன் வைத்திருப்பவர் இதைச் சம்பளப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஜாமீன் கையெழுத்தை நம்மூரில் மரியாதைக்குப் போடுகிறார்கள். புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே என்று. கடன் வாங்கியவர் வேலையை விட்டுப் போனால் சங்கம் எதைப் பிடிக்கும்? அவருடைய பிஎஃப், கிராஜுவிட்டி இரண்டும் ஜப்தியிலிருந்து சட்டப் பாதுகாப்பு பெற்றவை. பங்கையும் சிக்கன சேமிப்பையும் ஈடு செய்த பிறகு மிச்சம் நேராக ஜாமீன்தாரர் சம்பளத்தில் வந்து விழும். முதலில் அவரிடம் கேளுங்கள் என்று சொல்லித் தப்ப முடியாது, பொறுப்பு முழுத் தொகைக்கும்.

புதுப்பித்தலில் இந்தப் பொறி இன்னும் இறுகும். 20 மாதம் கட்டி நிலுவை இரண்டு லட்சம் ஆனதும், மறுபடியும் மூன்று லட்சமாகப் புதுப்பிக்கலாம் என்பார்கள். கையில் வருவது ஒரு லட்சம். தவணை மறுபடி 60 மாதம். அதே ஜாமீன்தாரர்கள் என்றால் ஆக மொத்தம் 80 மாதம் கட்டுண்டு கிடப்பார்கள். அவர்கள் தங்களுக்கென்று கடன் கேட்டால் தகுதி குறையும். தீபாவளிக்கு முன் புதுப்பித்தல் சூடுபிடிப்பதும் பிறகு ஜாமீன் கேட்டு அலைவதும் பல அலுவலகங்களில் வருடாந்திர வழக்கம்.

வைப்புப் பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் 1934-இல் கிரெடிட் யூனியன் சட்டம் வந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் 1936-லும் டெல்டா ஊழியர்கள் 1940-லும் இதே மாதிரி சங்கங்களைத் தொடங்கினார்கள். இன்று அங்கே உறுப்பினரின் பணத்துக்கு 2,50,000 டாலர் வரை காப்பீடு உண்டு. இங்கே வங்கிகளுக்குரிய 5 லட்சம் ரூபாய் டெபாசிட் காப்பீடு கூட்டுறவு வங்கிக்கு உண்டு, சிக்கன நாணயச் சங்கத்துக்குக் கிடையாது. இரண்டையும் கூட்டுறவு என்றே சொல்வதால் ஓய்வுபெற்ற பணம் முழுவதையும் கொண்டுபோய் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சதவீத வட்டி அதிகம் என்பதற்காக அது வேண்டாம். பெயர்ப்பலகையில் வங்கி என்று போட்டுக்கொள்ளும் சங்கத்தை விட்டு இரண்டடி தள்ளியே நில்லுங்கள், ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் இதைப் பகிரங்கமாகவே கண்டித்தது. இன்னொன்று, சங்கத்தில் ஒழுங்காகக் கட்டிய கடன் பெரும்பாலும் வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றுப் பதிவான சிபிலில் ஏறாது. நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது துணைக்கு வராது.

குறை இருந்தால் எங்கே போவது? தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இன் கீழ் பதிவானது என்றால் சேலம் சரகத் துணைப்பதிவாளரிடம். பணத் தகராறுக்குப் பிரிவு 90, நிதி முறைகேட்டுக்குப் பிரிவு 81-இன் விசாரணை. பல மாநிலங்களில் இயங்கும் சங்கம் என்றால் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், மத்தியப் பதிவாளர். சேலத்தில் கொடுத்த மனு அங்கே எடுபடாது. நிர்வாகக் குழுவிடம் முறையிடலாம் என்றால், 2018-இல் தேர்வான குழுக்களின் ஐந்தாண்டு 2023-இல் முடிந்த பிறகு பல சங்கங்களில் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சிதான். ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு என்பது காகிதத்தில் இருக்கிறது.

கடன் முடிந்ததும் செய்ய வேண்டியது: ரத்து முத்திரை குத்திய புரோநோட்டைத் திரும்ப வாங்குங்கள், நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள், அதில் ஜாமீன்தாரர் பெயர்களையும் எழுதச் சொல்லுங்கள். சம்பளப் பிரிவுக்குப் பிடித்தம் நிறுத்தும் கடிதம் சங்கத்திலிருந்து போயிருக்கிறதா என்று பாருங்கள், போகாவிட்டால் 61-ஆவது தவணையும் பிடிபட்டு, அதைத் திரும்ப வாங்க மூன்று மாதம் ஆகும். விலகுவதென்றால் பங்குத் தொகையைத் திரும்பக் கேட்டுத் தனியாக விண்ணப்பம், பங்குச் சான்றிதழ் அசலோடு. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.